பின்காற்று

எக்ஸிட்டரிலிருந்து நியூகாசிலுக்கு
நூல் பிடித்தாற்போல் போனால்
நானூற்றுத் தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர்.
ரயில் என்றால் பர்மிங்காமில் ஒரு தேநீர்,
யார்க்கில் விழிக்கும் ஒரு தூக்கம்,
ஆறரை மணி நேரம்.
விசாரணையோ காலை பத்துக்கு.
ஆகவே இந்தச் சின்ன விமானம்.
இரண்டு விசிறிகள், பதினேழு பேர்,
என் மடியில் ஒரு வாழைப்பழமும்
முதுகு கிழிந்த அகராதியும்.
அங்கே அகராதியைப் பிரிக்க
நேரம் தருவதில்லை.
துணைக்கு வருகிறது.

மேகத்துக்கு மேல் ஏறி
பிஸ்கட் உறையைப் பிரிப்பதற்குள்
விமானி சொன்னார்:
பின்காற்று நன்றாக இருக்கிறது,
ஒரு மணி பத்து நிமிடப் பயணத்தில்
எட்டு நிமிடம் மிச்சம்.
பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து
தானே தள்ளிக்கொண்டு வந்தவர்போல் சிரித்தார்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
பேசுவது என் வேலை;
சொல்வது அல்ல.

நகுலேஸ்வரன், வயது முப்பத்து நான்கு.
இரவல் கோட்டு, தோளில் ஒரு அங்குலம் அதிகம்.
எனக்கும் அவருக்கும் நடுவே
மூடிவைத்த தண்ணீர்க் குவளை.
உள்துறைத் தரப்பு இளைஞர்
மூக்கடைத்த குரலில் கேட்டார்:
வீட்டிலிருந்து நீங்கள் ஒளிந்திருந்த
உப்பளக் கொட்டில் எவ்வளவு தூரம்?

"கூப்பிடு தூரம்."

ஆங்கிலத்தில் ஒரு சொல் எடுத்தேன்,
வைத்தேன், இன்னொன்று எடுத்தேன்.
கூப்பிட்டால் கேட்கிற தூரம், என்றேன்.
மீட்டரில்?
"மீட்டர் தெரியாது ஐயா. கூப்பிடு தூரம்."

இளைஞரிடம் படம் இருந்தது.
வானத்திலிருந்து எடுத்தது.
கூரை போன வீடு ஒரு சாம்பல் சதுரம்,
கொட்டில் இருந்த இடம் ஒரு புள்ளி,
இடையில் அவர் இழுத்த சிவப்புக் கோடு:
எழுநூற்றுப் பத்து மீட்டர்.
மனிதக் குரல் அவ்வளவு போகாது, என்றார்
கைக்குட்டையை மடித்தபடி.
தம்பி கூப்பிட்டதாகச் சொன்னீர்கள்.
உங்களுக்குக் கேட்டதாகவும் சொன்னீர்கள்.

எங்கோ ஒரு குழல்விளக்கு இரைந்தது.
நகுலேஸ்வரன் என்னைப் பார்க்கவில்லை.
குவளையிடம் சொன்னார்:

"அண்டைக்கு ராத்திரி காத்து
அவன்ர பக்கமிருந்து அடிச்சது.
என்ர பேரை முழுசாக் கூப்பிட்டவன்.
வீட்டில ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிடுறேல்ல.
அதாலதான் நான் போகேல்ல.
பிறகு காத்து நிண்டிட்டுது."

ஆறு வரியையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்,
ஒன்றும் சிந்தாமல்.
காற்று என்ற சொல்லில் மட்டும்
என் குரல் கொஞ்சம் இறங்கி ஏறியது.
எட்டு நிமிடம் என்று அந்த இளைஞரிடம்
சொல்லியிருக்கலாம்.
இன்று காலை, என் கண்முன்னே,
ஒரு முழு விமானத்தையே.

வேலை அதுவல்ல.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்:
அப்படியானால் வீட்டில்
எப்படிக் கூப்பிடுவார்கள்?
அவர் சொன்னது இரண்டெழுத்து.
பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது,
அப்படியே ஒலிக்க வேண்டும் என்பது விதி.
ஒலித்தேன்.
எத்தனையோ வருடமாக யாரும் கூப்பிடாத பெயர்
என் வாயிலிருந்து,
நியூகாசிலில், ஒரு வியாழக்கிழமை.
அப்போதுதான் நிமிர்ந்தார்.
ஏன் என்று கேட்பவர்போல,
எங்கே வர வேண்டும் என்று கேட்பவர்போல.

தீர்ப்பு பின்னர், தபாலில்.
அவருக்குத்தான் வரும். எனக்கு வராது.
நடைபாதையில் காபி இயந்திரம் அருகே
இரண்டு எட்டு தள்ளி நின்றார்.
வெளியே பேசக் கூடாது என்பதும் விதி.
தலையை ஆட்டினேன்.
எதற்கு என்று எனக்கும் தெரியாது.

மாலை விமானத்துக்கு எதிர்காற்று.
பதினான்கு நிமிடம் தாமதம், மன்னிக்கவும், என்றார்
வேறொரு விமானி.
கீழே இருட்டில் ஊர்கள்
இன்னும் அணையாத அடுப்புகள்.
பயணப்படிப் படிவத்தை மடித்தட்டில் விரித்தேன்.
தூரம், போக: நானூற்றுத் தொண்ணூற்று மூன்று.
தூரம், வர: அதுவே.
நேரம், போக: ஒரு மணி இரண்டு நிமிடம்.
நேரம், வர: ஒரு மணி இருபத்து நான்கு.

இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று
கணக்குப் பிரிவில்
இதுவரை யாரும் கேட்டதில்லை.